யாரைக் கேட்டு எழுதிய நம்பிக்கை?

அரசியலும் சமூகமும் நெருக்கடியில் கிடக்கும் காலத்தில் நம்பிக்கை தரவல்ல துறை மானிடவியல்தான் என்று சொல்வது அறிவுலகில் இன்று வழக்கமாகிவிட்டது. துன்பப்படும் மனிதரையே எழுதியது போதும், மனிதர் எதை நல்வாழ்வு என்று கருதி அதற்காக உழைக்கிறார்கள் என்பதையும் எழுதுவோம் என்று ஜோயல் றொபின்ஸ் 2013இல் வாதிட்டார். அதிகாரம், சுரண்டல், ஒடுக்குமுறை என்பவற்றையே சுற்றிவந்த எழுத்தை ஷெரி ஓட்னர் 2016இல் 'இருண்ட மானிடவியல்' என்று பெயரிட்டு, அதற்கு மறுமொழியாக எழுந்த போக்குகளையும் எடைபோட்டார். 2021இல் டேவிட் கிரேபரும் டேவிட் வெங்ரோவும் எழுதிய பெருநூல், மனித சமூகங்கள் எத்தனையோ விதமாகத் தம்மை ஒழுங்கமைத்துப் பார்த்திருக்கின்றன, இன்றைய ஏற்பாடு தலைவிதி அல்ல என்று சொல்லி உலகெங்கும் வாசகரைக் கவர்ந்தது.

இந்த அலை இலங்கையின் வடக்குக்கும் வந்து சேர்ந்துவிட்டது. போர் முடிந்த 2009க்குப் பின் யாழ்ப்பாணத்தைப் பற்றி வரும் ஆய்வேடுகளிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் சமூகத்தின் 'மீண்டெழும் திறன்' திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. கோயில் திருவிழா, சனசமூக நிலையம், மாதர் சங்கம், செத்த வீட்டுக்கு ஊர் திரள்வது, புலம்பெயர்ந்தவர் அனுப்பும் பணத்தில் உயரும் கோபுரம் என்று எல்லாவற்றிலும் ஒரு சமூகம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வதை ஆய்வாளர் காண்கிறார். இதற்குத் துணையாக வைக்கப்படும் வாதம் எளிமையானது. அழிவை மட்டும் எழுதினால் மக்களைப் பாதிக்கப்பட்டவர்களாகச் சுருக்கிவிடுவோம், அவர்கள் உயிர்ப்போடு வாழ்வதையும் எழுதவேண்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் போய் நிற்கும் இடம் பிழையானது என்பது என் நெடுநாளைய கருத்து.

கொடுக்கவேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். எஸ். ஜே. தம்பையா 1983 ஆடிக் கலவரத்தை அடுத்து 1986இல் எழுதிய நூல், இலங்கையின் இனப்பகை ஆதியிலிருந்து வருவதல்ல, அண்மைக்கால அரசியல் உருவாக்கியது என்று காட்டியது. மனிதர் உருவாக்கியதை மனிதர் மாற்றலாம் என்ற துணிவு அந்த ஆய்வில் இருந்தது. போர்க்கால மட்டக்களப்பில், பிள்ளைகளைத் தொலைத்த குடும்பங்கள், பதில் சொல்ல எந்த அலுவலகமும் இல்லாத நிலையில், அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்பவர்களைத் தேடிப்போனதைப் பற்றீசியா லோறன்ஸ் பரிவோடு பதிவுசெய்தார். என். சண்முகலிங்கன் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் வழிபாட்டின் எழுச்சியைச் சமூக மாற்றத்தோடு சேர்த்து ஆராய்ந்தார். அந்தக் கோயிலைத் தங்கம்மா அப்பாக்குட்டி என்ற பெண்மணி தலைமையேற்று நடத்தியதும், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அங்கே ஓர் இல்லம் அமைந்ததும் இந்த மண்ணில் சின்ன விஷயங்கள் அல்ல. இவை எல்லாம் மானிடவியலின் கணக்கில் நிற்கட்டும்.

என் மறுப்பு ஒன்றே ஒன்று. சமூகம் நம்புகிறது, சமூகம் தாங்குகிறது, சமூகம் மீள்கிறது என்று எழுதும்போது, அந்தச் சமூகத்தின் பெயரால் பேசியவர் யார் என்று இந்த எழுத்து கேட்பதில்லை.

ஆய்வாளர் ஓர் ஊருக்கு எப்படி வந்து சேர்கிறார் என்று பாருங்கள். முதலில் பிரதேச செயலகம், பிறகு கிராம சேவையாளர். அவர் கோயில் பரிபாலன சபைத் தலைவரையும் ஓய்வுபெற்ற அதிபரையும் மாதர் சங்கத் தலைவியையும் காட்டிவிடுகிறார். ஆங்கிலம் ஓரளவு பேசக்கூடியவர்கள், கதிரை போட்டு இருத்த விறாந்தை உள்ளவர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு மறிக்கக்கூடியவர்கள். அவர்கள் 'எங்கட சனம்' என்று தொடங்கிச் சொல்வது ஆய்வேட்டில் சமூகத்தின் குரலாகப் பதிவாகிறது. யாழ்ப்பாணத்தில் அந்த விறாந்தையில் எவர் ஏறலாம், எவர் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்பதைச் சாதி நெடுங்காலம் தீர்மானித்து வந்தது. முற்றத்தோடு நின்றவர் 'எங்கட சனம்' என்ற சொல்லுக்குள் இருந்தாரா என்று சரிபார்க்க ஆய்வாளருக்கு நேரம் இருப்பதில்லை. நம்பிக்கையைத் தேடி வந்தவருக்கு அந்த எண்ணமும் வருவதில்லை, ஏனென்றால் விறாந்தையிலேயே தேடியது கிடைத்துவிடுகிறது.

இந்தப் பிழைக்கு இங்கே முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுத்தில் திரட்டிய தேசவழமைக் கோவையை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் ஒப்படைத்தார். முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த அனுபவத்தில் எழுதியது அது. அதைத் தமிழில் பெயர்த்து, சரியா என்று பார்க்கப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் சரி என்றார்கள். அந்தக் கோவையில் கோவியரும் சாண்டாரும் பள்ளரும் நளவரும் அடிமைகள் என்ற பகுதியில் வருகிறார்கள். அடிமையைப் பற்றிய வழக்கத்தை உறுதிசெய்ய அழைக்கப்பட்டவர்கள் முதலியார்கள். அடிமையை எவரும் அழைக்கவில்லை. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. காணியையும் முதுசத்தையும் பற்றிய தேசவழமையோ இன்றும் நீதிமன்றங்களில் செல்லுபடியாகிறது. ஒரு விசாரணையில் யாரைக் கேட்டார்கள் என்ற கேள்வி அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடுவதில்லை.

யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் வாழ்பவர்களுக்கு அடுத்த உதாரணம் கண்ணெதிரேயே இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்காக இங்கே கல்லூரி நிறுவினார். வடக்கின் பெண்கல்விக்கு அது செய்த தொண்டை எவரும் மறுக்கமுடியாது. அதே இராமநாதன் 1920களின் இறுதியில், டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை முன்வைத்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தார். தமிழ்ச் சமூகத்தின் குரல் யாருடையது என்று அன்று கேட்டிருந்தால் பலரும் அவரைத்தான் காட்டியிருப்பார்கள். ஆணைக்குழு அந்தக் குரலோடு நின்றுவிடவில்லை. 1931இல் நடைமுறைக்கு வந்த வாக்குரிமை கூலிக்காரருக்கும் பெண்களுக்கும் கிடைத்தது, சமூகத்தின் பெயரால் பேசிய பெரியவர்களின் சொல்லை மீறித்தான். இராமநாதனின் விறாந்தையில் இருந்து ஒருவர் அன்று 'தமிழர் சமூகத்தின் நம்பிக்கைகள்' என்று ஓர் ஆய்வு எழுதியிருந்தால், பெண்கல்வி அதில் முதல் அத்தியாயமாக இருந்திருக்கும். வாக்குரிமைக்கு ஓர் அடிக்குறிப்பும் கிடைத்திராது.

பழைய மானிடவியலாளர் இந்த விஷயத்தில் இன்றையவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பதுதான் வேதனை. மைக்கல் பாங்ஸ் 1960இல் யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையும், பிரையன் பஃபன்பேகர் 1982இல் வேளாள மேலாதிக்கத்தின் சமய அடித்தளத்தை ஆராய்ந்த நூலும் இன்றும் வாசிக்கத்தக்கவை. 1968 ஆலயப் பிரவேச நெருக்கடியைத் தமிழ்த் தேசிய அரசியலின் போக்கோடு சேர்த்துப் பஃபன்பேகர் 1990இல் எழுதிய கட்டுரை, எங்கள் அரசியல்வாதிகள் எவரும் பேச விரும்பாததைப் பேசியது. அவர்களோடு முரண்பட நிறைய உண்டு. ஆனால் அவர்களை வாசித்து முடிக்கும்போது ஊரில் ஆதிக்கம் யாரிடம் இருந்தது, ஊழியம் யார் தலையில் விழுந்தது என்பது தெரிந்துவிடும். இன்றைய நம்பிக்கை எழுத்தை வாசித்து முடிக்கும்போது, எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பற்றியிருப்பது மட்டும்தான் தெரிகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மருதனார்மடச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் சுன்னாகம், அதைத் தாண்டினால் மல்லாகம். 1990இல் வலிகாமம் வடக்கு இராணுவத்தின் கைக்குப் போனபோது மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து இந்தப் பகுதிகளில் வந்து தங்கியது. சபாபதிப்பிள்ளை, கண்ணகி, கோணப்புலம் என்று நலன்புரி நிலையங்கள் தோன்றின. 2013 நவம்பரில், பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் சபாபதிப்பிள்ளை முகாமுக்குப் போனார். போர் முடிந்து நான்கு ஆண்டு கழிந்தும் சனம் அங்கேதான் இருந்தது. முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே வளர்ந்து ஆளாகியிருந்தார்கள்.

மீண்டெழும் திறனை இப்படிப்பட்ட முகாமில் காண்பது எளிது. கொட்டிலுக்குப் பக்கத்தில் வைரவருக்கு ஒரு சூலம் நட்டிருக்கும். பிள்ளைகள் வெள்ளைச் சீருடை தோய்த்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். பெண்கள் சீட்டுப் பிடிப்பார்கள். ஒரு சாவு என்றால் எல்லாரும் திரள்வார்கள். அத்தனையும் உண்மை. கேட்கவேண்டிய கேள்வியோ வேறு. 1990இல் வந்தவர்களில் யார் வெளியேறினார்கள், யார் மிஞ்சினார்கள்? கலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் சாதிப் பாகுபாட்டைப் பற்றி 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. வசதியும் உறவும் உள்ளவர்கள் சொந்தக்காரர் வீடு, வாடகை வீடு, கொழும்பு, வெளிநாடு என்று படிப்படியாக வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

அவர்களை அங்கே நிறுத்திவைத்தது இராணுவம் மட்டும் என்றால் கதை எளிதாக முடிந்துவிடும். பலருக்கு ஊரிலேயே சொந்தக் காணி இருந்ததில்லை. பிறர் காணியில் குடியிருந்தவருக்குக் கையில் உறுதி ஏது? முகாமுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வாங்கலாம் என்றால், அவர்களுக்கு விற்க வளவுக்காரர் மனம்வைப்பதில்லை. அவர்களுக்கு விற்றால் பக்கத்து வளவுக்காரர் முகம் சுளிப்பார் என்பதும் விற்பவருக்குத் தெரியும். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தோம், மகிழவேண்டியதுதான். ஆனால் காணி விடுவிப்பு என்பது காணி உள்ளவருக்கே விடுவிப்பு. உறுதி இல்லாதவருக்கு முட்கம்பி அகன்ற பிறகும் போக இடம் இல்லை. ஆக, அந்த முகாம் வாழ்வில் ஒரு பங்கை அரசு செய்தது, மற்றப் பங்கை நாங்கள் செய்தோம். அரசு செய்ததை எழுத எங்கள் மத்தியில் துணிவுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் செய்ததை எழுதினால் விறாந்தைக் கதிரை அடுத்தமுறை கிடைக்காது. நம்பிக்கை மானிடவியல் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் அகப்பட்டவரின் பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வேறு போக்கிடம் இல்லாமல் இருபது ஆண்டுக்கு மேல் கொட்டிலில் கிடந்தவரின் சகிப்பைப் பண்பாட்டுச் செல்வமாகக் காட்டுவது, அவரை அங்கே கிடத்தியவர்களுக்கு வழங்கும் மன்னிப்பு. அந்த மன்னிப்பை வழங்க ஆய்வாளருக்கு உரிமை இல்லை.

திருவிழா பற்றிய எழுத்திலும் இதுவே நடக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது எங்கள் பேச்சில் ஒற்றுமைக்கு மறுபெயர். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கும் அது பிடித்த காட்சி. 2018இல் தென்மராட்சி வரணியில் ஒரு கோயிலின் தேரைப் பெக்கோ இயந்திரம் இழுத்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடித்துவிடக்கூடாது என்பதற்காகவே இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, படங்களும் பரவின. போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தைப் பற்றி இதைவிடத் துலக்கமான களக்குறிப்பை எந்த ஆய்வேட்டில் தேடுவது? வடம் பிடித்த கைகளைப் படமெடுத்து ஒற்றுமை என்று தலைப்பிடுவது பாதி வேலை. பிடிக்கவிடாமல் தடுக்கப்பட்டவர் அந்த நேரம் எங்கே நின்றார் என்று தேடிப்போவதே களஆய்வு.

அப்படியானால் இந்த மண்ணில் நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதுவும் இதே வீதியில். 1966 ஒக்டோபர் 21இல் சாதிக் கொடுமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிஸ் அடித்துக் கலைக்கப் பார்த்தும் அது யாழ் முற்றவெளி வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிடும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மறித்து நின்றவர் ஒக்ஸ்போட்டில் படித்தவரும் அமைச்சராக இருந்தவருமான சி. சுந்தரலிங்கம். அன்று ஒரு மானிடவியலாளர் வந்து இந்தச் சமூகத்தின் பண்பாட்டை எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால், ஆங்கிலத்தில், ஆகமத்தை எடுத்துக்காட்டி, மணிக்கணக்காகச் சொல்லக்கூடியவர் சுந்தரலிங்கம்தான். வெயிலில் இருந்தவர்களிடம் சொல்ல ஒரேயொரு கோரிக்கைதான் இருந்தது. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அவர்கள் பக்கம் நின்றது, ஊர் வழக்கம் எதிர்ப்பக்கம் நின்றது. பல கோயில்களும் தேநீர்க் கடைகளும் பிறகு திறந்துகொண்டது வழக்கத்தின் கருணையால் என்று எவரும் சொல்லமுடியாது.

நம்பிக்கை மானிடவியலின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் தெரிகிறது. அது நம்பிக்கையைத் தொடர்ச்சியில் தேடுகிறது. சடங்கு தொடர்கிறது, உறவு தொடர்கிறது, ஊர் தொடர்கிறது, ஆகவே வாழ்வு தொடர்கிறது என்று தேறுதல் கொள்கிறது. யாழ்ப்பாண வரலாற்றிலோ ஒடுக்கப்பட்டவருக்கு நம்பிக்கை தந்த ஒவ்வொரு கணமும் ஒரு தொடர்ச்சியை உடைத்த கணம். வாக்குரிமையும் ஆலயப் பிரவேசமும் அப்படித்தான் வந்தன. 1972இல் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதியபோது அவர் செய்ததும் அதுவே. பல்கலைக்கழகம் போகாத அந்தத் தொழிலாளி, முற்றத்தோடு நிறுத்தப்பட்டவர்களின் நடுவிலிருந்து, அவர்கள் பேசும் தமிழில் எழுதினார். ஊரைப் பற்றி அவர் தந்த அறிவு ஓர் ஆய்வுக்கூடத்துக்குச் சமம். அதை இந்தத் துறை தன் முன்னோடி எழுத்தாக எண்ணாமல் இருப்பது அதற்கே நட்டம்.

அரசின் முன்னாலும் இதே கோளாறு தலைகாட்டுகிறது. மட்டக்களப்புக் குடும்பங்கள் அம்மனின் வாக்கில் ஆறுதல் தேடிய காலத்தை லோறன்ஸ் எழுதினார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஆறுதல் கேட்கவில்லை. போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். அவர்களிடம் போய் நீங்கள் எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்பவர், பட்டியல் எங்கே என்ற கேள்வியை அவர்கள் வாயிலிருந்து எடுத்துவிடுகிறார்.

இதற்கு வழக்கமாக வரும் மறுமொழிகள் இரண்டு. அரசு காணி பிடிக்கிறது, விகாரை கட்டுகிறது, இந்த நேரத்தில் சாதியைப் பேசிச் சனத்தைப் பிரிக்கலாமா என்பது ஒன்று. 1968இலும் இதைத்தான் சொன்னார்கள். இனப்பிரச்சினை ஓயும்வரை பொறு என்று ஒருவரைத் தலைமுறை தலைமுறையாக நிறுத்திவைப்பவருக்கு ஒற்றுமை பற்றிப் பேசும் தகுதி இல்லை. போர் சாதியை அழித்துவிட்டது, புலிகள் இயக்கம் அதைத் தடைசெய்தது, இப்போது யார் சாதி பார்க்கிறார் என்பது மற்றது. மல்லாகத்து முகாம்கள் போரின் நடுவிலும் இருந்தன, போருக்குப் பின்னும் இருந்தன. தடையால் வாய்தான் மூடியது, காணி கைமாறவில்லை. ஷரிகா திராணகம 2018இல், போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தில் சாதியும் அயலும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று நேர்மையாக எழுதினார். அப்படி எழுதுபவர் விதிவிலக்காக இருப்பதுதான் என் முறைப்பாடு.

மானிடவியலைக் கைவிடச் சொல்லவில்லை. இந்த ஊர்களில் நீண்ட காலம் தங்கி, பேச்சைக் கேட்டு, பார்த்ததை எழுதும் துறை வேறு எது? அதனால்தான் அதனிடம் கூடுதலாகக் கேட்கிறேன். ஓர் ஊரைப் பற்றி எழுத வருபவர் அதன் நம்பிக்கைகளை விசாரிக்க முன், காணி யாருடைய பெயரில் இருக்கிறது, எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், கோயில் பரிபாலன சபையில் எந்தக் குடும்பங்களுக்கு ஒருபோதும் இடம் கிடைத்ததில்லை, இன்றைய கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடவில்லை என்று கேட்கட்டும். எழுதி முடித்ததைத் தமிழில் தரட்டும், எழுதப்பட்டவர் அதை வாசித்து இது பிழை என்று சொல்ல இடம் இருக்கட்டும். 1707இல் முதலியார்களுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு முகாமில் இருந்தவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் கேட்ட பிறகு எஞ்சும் நம்பிக்கை சிறியதாக இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதை நம்பி ஒருவர் அடுத்த அடி எடுத்துவைக்கலாம். கேளாமல் எழுதும் நம்பிக்கையோ, ஏற்கனவே காணி உள்ளவருக்கே இன்னோர் உறுதி முடித்துக் கொடுக்கிறது.